சிஸ்டர் எண்ணிய பதினெட்டுப் பேர்

பகல் பதினொன்று நாற்பதுக்கு நான் என் மகளிடம், "போய் வண்டியில உக்காரு கண்ணு. வெள்ளை வண்டி. கதவு தொறந்துதான் இருக்கு" என்று சொன்னேன். அந்த வாக்கியத்தை அதற்குப் பிறகு எத்தனை முறை மனதுக்குள் திருத்தி எழுதியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. நம்ம வண்டி என்றாவது சொல்லியிருக்கலாம். கையைப் பிடித்துக் கூட்டிப்போய் உட்கார வைத்திருக்கலாம். யாழினிக்கு அப்போது ஏழு வயது. நானோ பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்துகிறவள். ஆப்பிரிக்காவின் ஆறுகளை வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டுவேன். பத்தடி தூரத்தில் நின்ற வண்டியைக் காட்டத் தெரியவில்லை.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது சிஸ்டரைப் பற்றி.

சிஸ்டர் குன்னூரில் எங்கள் வீட்டு மாடியில் ஆறு வருடம் குடியிருந்தார். ராணுவ மருத்துவமனைகளில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கூடலூர்ப் பக்கத்துக்காரர் என்பதால் பேச்சில் ஒரு சிட்டிகை மலையாளம் இருக்கும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எங்கள் தெருவில் யாரும் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை, அதனால் நானும் இங்கே சொல்லவில்லை. பால்காரருக்கும் சிஸ்டர்தான், தபால்காரருக்கும் சிஸ்டர்தான்.

அவர் எதையும் எண்ணுவார். மாடிப்படி பத்தொன்பது. எங்கள் கொடியில் துணி கவ்வும் கிளிப் இருபத்தாறு. மழைக்கு அவசரமாகத் துணி எடுக்கிற நாளில்கூட மேலே இருந்து குரல் வரும்: "டீச்சர், இருபத்தஞ்சுதான் ஆச்சு. ஒண்ணு ரோஜாச் செடிக்குள்ள விழுந்துச்சு, நான் பாத்தேன்." எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால், கறிவேப்பிலையை இலையின் ஓரத்தில் வரிசையாக வைத்து, எழுந்திருக்கும்போது, "ஒம்பது" என்று திருப்தியாகச் சொல்லிவிட்டுக் கை கழுவப் போவார். என் கணவர் முதலில் சிரித்தார். பிறகு அவரும் ரகசியமாக எண்ண ஆரம்பித்தார். ஒருநாள், "எனக்குப் பதினொண்ணு" என்று என் காதில் சொன்னார், ஜெயித்தவர் மாதிரி.

இது வெறும் பைத்தியம் இல்லை என்று எங்களுக்குத் தெரிந்தது பொத்தான் விஷயத்தில். யாழினி எல்.கே.ஜி படித்தபோது ஒரு சாயங்காலம் வேனில் இருந்து இறங்கி வந்தாள். வாசலில் நின்ற சிஸ்டர் அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"மோளே, காலையில சட்டையில ஆறு பட்டன் போச்சு. அஞ்சுதான் திரும்பி வந்திருக்கு. ஆறாவது எங்க?"

சிஸ்டர் குனிந்து அவள் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினார். இடது மூக்குத் துவாரத்தில் வெள்ளையாக ஏதோ மினுங்கியது. நான் கத்தினேன். சிஸ்டர் கத்தவில்லை. மாடிக்குப் போய் ஒரு வளைந்த இடுக்கி கொண்டுவந்து, என் தலையில் ஒரு தட்டு தட்டி என்னைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, பொத்தானை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். "ஆறு. இனி கதவைச் சாத்தலாம்."

ஆபரேஷன் தியேட்டரில் வயிற்றைத் திறக்கும் முன்னால் எல்லாவற்றையும் எண்ண வேண்டுமாம். கத்தி, இடுக்கி, ஊசி, பஞ்சுத்துணி எல்லாம். இரண்டு பேர், வாய் விட்டு. தைத்து மூடும் முன்னால் மறுபடி எண்ண வேண்டும். ஒன்று குறைந்தாலும் மூடக் கூடாது. ஒருமுறை பஞ்சுத்துணி ஒன்று குறைந்ததாம். பெரிய டாக்டர், "நான் உள்ளே பார்த்துவிட்டேன், ஒன்றும் இல்லை, தைக்கிறேன்" என்று சத்தம் போட்டிருக்கிறார். சிஸ்டர் ஊசியைக் கொடுக்க மறுத்துவிட்டார். அறையில் இருந்த எல்லோரையும் ஒவ்வொரு காலாகத் தூக்கச் சொல்லியிருக்கிறார். துணி ஒட்டியிருந்தது அந்தப் பெரிய டாக்டரின் செருப்பின் அடியில். இதைச் சொல்லும்போது சிஸ்டர் அந்த டாக்டரைப் போலவே ஒரு காலைத் தூக்கி, கொக்கு மாதிரி நின்று காட்டுவார். எங்கள் வீட்டுக்கு விருந்தாளி வந்தால் நாங்களே, "சிஸ்டர், அந்தச் செருப்பு கதை" என்று கேட்டு வாங்குவோம்.

இப்படிப்பட்டவர் ஓய்வுக்குப் பிறகு சும்மா இருப்பாரா? வெலிங்டனைத் தாண்டி, ஊட்டி ரோட்டில் இருந்து சரிவில் இறங்கும் ஒரு பழைய பங்களாவில், ஓய்வு பெற்ற ராணுவத்தினர் சிலர் சேர்ந்து சின்னதாக ஒரு போர் அருங்காட்சியகம் நடத்திவந்தார்கள். வாரத்தில் மூன்று நாள் சிஸ்டர் அங்கே போய், பார்க்க வருகிறவர்களுக்குச் சுற்றிக் காட்டுவார். நுழையும்போது ரிஜிஸ்டரில் ஊர், தலைவர் பெயர், போன் நம்பர், ஆள் எண்ணிக்கை எழுத வேண்டும். கேட்டில் நின்று இரண்டு விரலால் ஒவ்வொருவர் தோளையும் தொட்டு எண்ணி உள்ளே விடுவார். வெளியேறும்போதும் அதே மாதிரி எண்ணித்தான் அனுப்புவார். ஒரு காலேஜ் பையன், "மேடம், நாங்க என்ன ஆட்டு மந்தையா?" என்றானாம். "ஆடுன்னா கூட்டமா எண்ணலாம். நீங்க தனித்தனி ஆளு, அதான் தொட்டு எண்ணறேன்" என்றாராம் சிஸ்டர்.

அங்கே எதைப் பார்க்க வேண்டும் என்பதில் அவருக்குத் தனிக் கருத்து இருந்தது. வாசலில் ஒரு பீரங்கி உண்டு. எல்லோரும் அதன்மேல் சாய்ந்துதான் போட்டோ எடுப்பார்கள். சிஸ்டர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். "அது எங்கயும் போகாது, வாங்க, வாங்க" என்று விரட்டுவார். பனிமலையில் போட்டுக்கொள்ளும் பூட்ஸ் ஒன்று. அதற்குள் மூன்று காலுறை போட்ட கால் நுழைய வேண்டும் என்பதால் ஒரு குழந்தையை உட்கார வைக்கிற அளவு பெரிதாக இருக்கும். கையால் சுற்றினால் பக்கத்து அறையில் மணி அடிக்கும் போர்க்களத் தொலைபேசி. மலையில் சாமான் சுமந்த கோவேறு கழுதையின் சேணம். "கழுதைக்கும் நம்பர் உண்டு, கேட்டோ. நம்பர் இல்லாம சேனையில ஒரு உயிர் கிடையாது" என்பார். இதெல்லாம் முடிந்து, கடைசி அறையில் அவருடைய பொக்கிஷம்: போர்க்களத்தில் ஆபரேஷன் செய்த டாக்டர்கள் கொண்டுபோன ஒரு தட்டு. அதில் இடுக்கிகள் வைக்க இருபத்து நான்கு பள்ளங்கள். இருபத்து மூன்று இடுக்கிகள்.

"இன்னொண்ணு எங்கே?" என்று யாராவது கேட்பார்கள்.

"தெரியாது. அதனாலதான் இதை நல்லாப் பாக்கணும்" என்பார் சிஸ்டர்.

ஊட்டி ரோஜாப் பூங்காவுக்கு நேரமாகிறது என்று தவிப்பவர்கள் அந்தக் காலிப் பள்ளத்தைப் பார்த்து மரியாதைக்குத் தலையாட்டிவிட்டுப் போவார்கள்.

சிஸ்டர் இப்போது மாடியில் இல்லை. இரண்டு வருடம் முன்பு தங்கை வீட்டோடு இருக்கப் போய்விட்டார். போகும்போது கிளிப்புகளை எண்ணி என்னிடம் ஒப்படைத்தார்.

அந்த நாளுக்கு வருகிறேன். மே மாதம், சீசன். என் கொழுந்தனுக்குப் பெண் நிச்சயமாகி, பெண் வீட்டார் பொள்ளாச்சியில் இருந்து மாப்பிள்ளை வீடு பார்க்க வந்திருந்தார்கள். பத்துப் பேர். எங்கள் பக்கம், யாழினியையும் என்னையும் சேர்த்து, எட்டுப் பேர். மறுநாள் எல்லோரையும் ஒரே வேனில் ஊட்டிக்குக் கூட்டிப்போகும் பொறுப்பு மூத்த மருமகளான என் தலையில் விழுந்தது. என் கணவருக்குத் தேயிலை ஃபேக்டரியில் லீவு கிடைக்கவில்லை. வழியில் சிஸ்டரின் மியூசியத்தைக் காட்டுவதாக நான் முன்பே வாக்குக் கொடுத்திருந்தேன்.

இரண்டு வீட்டுக்காரர்களும் அதற்கு முன்பு ஒரே ஒரு முறைதான் சந்தித்திருக்கிறார்கள். அதனால் மரியாதை என்றால் அப்படி ஒரு மரியாதை. ஜன்னல் சீட்டில் நீங்க உட்காருங்க, இல்லீங் நீங்க உட்காருங்க என்றே வேன் கால்மணி நேரம் கிளம்பவில்லை. கிளம்பிய பிறகு குளிர் தாங்காமல் எல்லோரும் குன்னூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி மங்கி குல்லா வாங்கினார்கள். பதினெட்டுப் பேரும் தலையில் இருந்து கழுத்து வரை குல்லா மூடி, கண்ணும் மூக்கும் மட்டும் தெரிய உட்கார்ந்திருந்தார்கள். யார் மாமனார், யார் சித்தப்பா என்று முகம் தெரிந்தவர்களுக்கே தடுமாற்றம்.

சிஸ்டர் கேட்டில் எண்ணினார். பதினெட்டு. எங்களுக்கு முன்னாலேயே இன்னொரு கூட்டம் உள்ளே இருந்தது. கரூரில் இருந்து வந்த ஓய்வு பெற்றவர்கள், பதினாலு பேர். அவர்களும் வெள்ளை வேன், அவர்களும் மங்கி குல்லா.

யாழினிக்குப் பூட்ஸ் பார்த்தாயிற்று, போன் மணி அடித்தாயிற்று. அதற்கு மேல் கால் வலித்தது, தூக்கம் வந்தது. தூறல் வேறு. பின்கதவு வழியாக அவளை வெளியே விட்டு, முன்பு சொன்ன அந்த வாக்கியத்தைச் சொன்னேன். கேட் வழியாகத்தான் போக வேண்டும் என்பது சிஸ்டரின் சட்டம். கேட் வரை சுற்றிப்போக எனக்குச் சோம்பல். அதோடு, பின்னால் சம்பந்தியம்மா, "ஏனுங் டீச்சர், இது என்னங் கழுதைச் சேணமுங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். பதில் சொல்லாவிட்டால் தப்பாகிவிடும்.

பன்னிரண்டு பத்துக்கு சிஸ்டர் எங்களை கேட்டில் நிறுத்தி, தோள் தோளாகத் தொட்டு எண்ணினார். "பதினெட்டு. சரி. போயிட்டு வாங்க."

சரி என்று கேட்டதும் எனக்கு நிம்மதி. இரண்டு எட்டு நடந்த பிறகுதான் உறைத்தது. யாழினி வண்டியில் இருக்கிறாள். அப்படியானால் பதினேழுதானே வர வேண்டும்?

ஓடினேன். எங்கள் வேனில் யாரும் இல்லை. டிரைவர் டீக்கடையில் இருந்து கிளாஸோடு வந்தார். "பாப்பாவா? வரலீங்களேக்கா."

திரும்பி ஓடினேன். "சிஸ்டர், யாழினி இல்லை!"

"பதினெட்டு இருக்கே டீச்சர்."

"யாழினி இல்லை சிஸ்டர்!"

நானே எண்ணினேன். என்னையும் சேர்த்துப் பதினெட்டு. அந்த நிமிடத்தை எப்படிச் சொல்வது? என் குழந்தை கண்ணெதிரே இல்லை, ஆனால் கணக்குப்படி இருக்கிறாள். மறுபடி முதலில் இருந்து எண்ண ஆரம்பித்தேன். என் கணவரின் பெரிய மாமா முன்னால் வந்தார். "பதட்டத்துல எண்ணாத கண்ணு, நான் எண்ணறேன்" என்று எண்ணினார். பதினேழு. தன்னை விட்டுவிட்டார். பெண்ணின் சித்தப்பா எண்ணினார். பத்தொன்பது. தன்னை இரண்டு முறை எண்ணியிருந்தார். அதற்குள் ஒருவர் பீரங்கிக்கு அடியில் தவழ்ந்தார். இருவர் வேலிக்கு அந்தப் பக்கம் தேயிலைச் செடிகளுக்குள் இறங்கிவிட்டார்கள். சம்பந்தியம்மா அந்தப் பனி பூட்ஸுக்குள் கைவிட்டுத் தேடினார். நான் சரிவைப் பார்த்தேன். கீழே வெறும் மூடுபனி. அதற்குள் எவ்வளவு ஆழம் என்று எனக்குத் தெரியும்.

"எல்லாரும் நில்லுங்க!"

அந்தக் குரலை அதுவரை நான் கேட்டதில்லை. தேயிலைக்குள் போனவர்கள்கூட நின்றுவிட்டார்கள். சிஸ்டர் கேட்டை இழுத்துச் சாத்தினார்.

"குறைஞ்சிருந்தா தேடலாம். குறையலையே. குழந்தை இல்லாமலே பதினெட்டு வருதுன்னா, இங்க ஒரு ஆள் கூடுதல். அந்த ஆள் யாருன்னு முதல்ல பாக்கணும். மாப்பிள்ளை வீடு இந்தப் பக்கம். பொண்ணு வீடு அந்தப் பக்கம். குல்லாவைக் கழட்டுங்க."

குல்லாக்கள் கழன்றன. நாங்கள் ஏழு பேர் ஒரு பக்கம் நின்றோம். அவர்கள் பத்துப் பேர் எதிர்ப்பக்கம். நடுவில் ஒரு பெரியவர், கையில் முறுக்கோடு, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துக்கொண்டு நின்றார்.

இவர் எங்களவர் இல்லை என்று எப்படிச் சொல்வது? எதிர்ப்பக்கத்து மூத்தவராக இருந்துவிட்டால் கல்யாணமே நின்றுபோகுமே! கடைசியில் பெரிய மாமாதான் பணிவாக ஆரம்பித்தார். "சம்பந்தி... ஐயா உங்க பெரியவருதானுங்களே?"

சம்பந்தியம்மா திடுக்கிட்டார். "எங்க பெரியவருங்களா? உங்க பெரியவருன்னுதானுங் முறுக்கு குடுத்தேன்!"

நான் அவருக்கு ஃபிளாஸ்கில் இருந்து டீ ஊற்றிக் கொடுத்து, சர்க்கரை போடலாமா என்று விசாரித்திருந்தேன். பெரிய மாமா முக்கால் மணி நேரம் அவர் கையைப் பிடித்து நடத்திக் கூட்டிவந்திருந்தார்.

"ஐயா, நீங்க யாரு?" என்றார் சிஸ்டர்.

"நானுங்களா? நான் கரூருங்க" என்றார் பெரியவர். "இந்த ஊர்ல மனுசங்க ரொம்ப அன்பானவங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன். ஆனா இவ்வளவுன்னு நெனைக்கலீங்க."

சிஸ்டர் அதற்குள் ரிஜிஸ்டரைத் திறந்திருந்தார். கரூர்த் தலைவரின் நம்பரைப் போட்டு, போனை ஸ்பீக்கரில் வைத்தார்.

"உங்க வண்டியில எத்தனை பேரு சார்?"

"பதினாலுங்க சிஸ்டர். எண்ணிட்டுத்தானே கிளம்புனோம். உங்களுக்குக்கூட விரல்ல காட்டுனேனே?"

"இப்ப எண்ண வேண்டாம். வண்டியை ஓரங்கட்டுங்க. ஒவ்வொரு குல்லாவாத் தூக்கி மூஞ்சியைப் பாருங்க."

போனில் வைப்பர் அசையும் சத்தம் கேட்டது. யாரோ யாரையோ பெயர் சொல்லி அழைத்தார்கள். பிறகு தலைவரின் குரல், எங்கோ தூரத்தில்: "ஏப்பா, கடைசி சீட்டுல தூங்கறது யாரு பேத்தி?"

"என் பேத்தி இல்ல. உங்க பேத்தின்னு சொன்னாங்க?"

"எம் பேத்தி அமெரிக்காவுல இருக்குதய்யா!"

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அவர்கள் ஊட்டி ரோட்டில் கேத்தி தாண்டிப் போயிருந்தார்கள். சீசன் டிராஃபிக்கில் வண்டியைத் திருப்பி வர அரைமணி நேரமாவது ஆகும். குழந்தை பத்திரமாக இருக்கிறாள் என்று தெரிந்த பிறகும் நான் தரையைவிட்டு எழவில்லை. இரண்டு வீட்டுக்காரர்களும் முன்வாசலில் கரூர்ப் பெரியவரைச் சுற்றி உட்கார்ந்து, அவர் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் அதிரசம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அரைமணி நேரத்துக்கு முன்பு இருந்த கூச்சம் அவர்களிடம் இல்லை. பெரிய மாமா சம்பந்தியம்மாவையே கேலி செய்தார்: "பூட்ஸுக்குள்ள தேடுனீங்களே, நாளைக்கு எங்க பையன் லேட்டா வந்தா எந்த டப்பாவைத் தொறப்பீங்க?"

சிஸ்டர் என்னை எழுப்பி, கடைசி அறைக்குக் கூட்டிப்போனார். அங்கே யாரும் இல்லை. தட்டின் முன்னால் இருந்த பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவங்க மழைக்குப் பின்வாசல்லயே வண்டியைக் கொண்டாந்து ஏறிட்டாங்க டீச்சர். நான் உங்க ஆளுங்களுக்குச் சேணத்தைக் காட்டிட்டிருந்தேன். அவரு தூரத்துல இருந்து பத்து விரலும் நாலு விரலும் காட்டினாரு. நானும் தலையாட்டிட்டேன். இத்தனை வருஷத்துல இன்னொருத்தர் எண்ணினதை நான் பாக்காம வாங்கினதே இல்லை."

"நான்தான் சிஸ்டர் பின்கதவுல விட்டேன்."

"அதெ, ஆமா. நீங்க விட்டீங்க, நான் வாங்கினேன்." என்னைத் தேற்றுவதற்காகக்கூட அவர் என் பங்கைக் குறைக்கவில்லை. தன் பங்கையும் குறைக்கவில்லை. எனக்கு அது என்னவோ ஆறுதலாக இருந்தது.

பிறகு என் கையை விடாமலே அறையில் இருந்த மீதிப் பொருள்களைக் காட்ட ஆரம்பித்தார். நான்கு பேர் தூக்கும் ஸ்ட்ரெச்சர். மடித்தால் ஒரு பெட்டிக்குள் அடங்கிவிடும் ஆபரேஷன் மேஜை. இருட்டில் காயத்தைப் பார்க்கத் தலையில் கட்டும் விளக்கு. அவர் சொன்ன ஒரு வார்த்தையும் எனக்கு இப்போது நினைவில் இல்லை. அந்தக் கையின் சூடுதான் நினைவில் இருக்கிறது. அதற்கு முன்னால் அவர் ஒரு தடவைகூட என் கையைப் பிடித்ததில்லை. தோளில் இரண்டு விரல் வைப்பார், அவ்வளவுதான்.

ஹாரன் சத்தம் கேட்டதும் இருவரும் ஓடினோம். அறுபது தாண்டிய சிஸ்டர் எனக்கு முன்னால் ஓடினார்.

வெள்ளை வேன் கேட்டில் வந்து நின்றது. முதலில் இறங்கியது ஒரு வயதான அம்மா. தோளில் யாழினி, குல்லா ஒரு பக்கம் கோணி, வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அந்த அம்மா என்னையோ சிஸ்டரையோ பார்க்கவில்லை. அதிரசத்தோடு எழுந்து நின்ற கரூர்ப் பெரியவரைத்தான் பார்த்தார். அந்த அம்மா அவருடைய மனைவி.

"ஏனுங்க, நீங்க வண்டியில இல்லீங்களா? ஊட்டி வருதுன்னு அத்தனை நேரமா உங்ககிட்டத்தானே பேசிட்டு வந்தேன்!"

பெரிய மாமா சிரிக்க ஆரம்பித்தார். அதற்குப் பிறகு யாராலும் அடக்க முடியவில்லை. கரூர் வேனுக்குள்ளேயும் சிரிப்பு. நான் அழுதுகொண்டே சிரித்தேன். சிஸ்டர் யாழினியைத் தன் தோளுக்கு வாங்கினார். விரல் வைத்துத் தொடவில்லை, எண்ணவில்லை. குல்லாவைக் கழற்றி, நெற்றியில் ஒட்டிய முடியை ஒதுக்கி, முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் கையில் கொடுத்தார்.

அந்தச் சத்தத்தில் யாழினி கண்ணைத் திறந்தாள். மூடுபனியையும் முப்பது முகங்களையும் சுற்றிப் பார்த்தாள்.

"அம்மா, ஊட்டி வந்துருச்சா?" என்றாள்.